கடனட்டைச் செலவைக் கோப்பா இறக்கிறதோ, கையால எழுதிறதோ?

கொக்குவிலான்:
வீட்டுக் கணக்கு குனூகாஷ் எண்ட கணக்கு மென்பொருளில வைச்சிருக்கிறன். வங்கித் தளத்தில இருந்து கடனட்டைச் செலவை சிஎஸ்வியா (காற்புள்ளியால நிரல் பிரிச்ச கோப்பா) எடுத்து நேர அதுக்குள்ள இறக்கினால் மாதக் கடைசியில அரை மணித்தியாலத்தில வேலை முடியுது. கையால எழுதிற ஆக்கள் ஏன் இன்னும் அப்பிடியே செய்யிறியள்?

சாவகச்சேரியூரான்:
தம்பி, ஆஸ்பத்திரி றோட் கார்கில்ஸ் சூப்பர்மார்க்கெட்டில 8,400 ரூபா எண்டு ஸ்டேட்மென்டில ஒரு வரிதான் வரும். அதில அரிசி எவ்வளவு, பிள்ளையின்ர கொப்பி எவ்வளவு, அம்மாவுக்கு வாங்கின மா எவ்வளவு எண்டு ஆர் சொல்லுறது? பில் கையில இருக்கேக்கயே பிரிச்சு எழுதிப்போடோணும். மாதம் முடியேக்க பில்லும் இராது, ஞாபகமும் இராது.

கொக்குவிலான்:
தொகை பிழைச்சால் பிரிச்சு என்ன பிரயோசனம் அண்ணை? டொலரில கட்டிற சந்தாவுக்கு எஸ்எம்எஸ்ஸில ஒரு தொகை வரும், ரெண்டு நாள் கழிச்சு வங்கி பதியிற ரூபா வேற. எஸ்எம்எஸ்ஸைப் பாத்து எழுதினால் மாதக் கடைசியில மீதி இடிக்கும். பிறகு, ஒரு பெற்றோல் செட்டின்ர பெயரை ஒருக்கா 'எரிபொருள்' எண்டு காட்டிக்குடுத்தால் அடுத்த முறை தானே அந்தக் கணக்கைப் பிடிக்கும்.

மானிப்பாய் அக்கா:
தம்பி, சேமிப்புக் கணக்கையும் இப்பிடித்தானே இறக்கிறீர்? அட்டைக்குக் கட்டின காசு ரெண்டு கோப்பிலயும் வரும். அது செலவில்லை, சேமிப்பில இருந்து அட்டைக் கடனுக்குப் போற மாற்று. கவனிக்காமல் விட்டால் ஒரே காசு ரெண்டு தரம் பதிஞ்சிடும்.

மற்றது, வங்கிப் பதிவுகளைக் கோப்பா எடுக்க 1997இல வந்த ஓஎஃப்எக்ஸ் வடிவத்தில ஒவ்வொரு பதிவுக்கும் 'ஃபிட்ஐடி' எண்டு ஒரு அடையாளம் இருக்கு. அதே கோப்பைத் திரும்ப இறக்கினாலும் பழசு எது எண்டு மென்பொருளுக்குத் தெரியும். சிஎஸ்வியில பொதுவா அப்பிடி ஒண்டும் வராது. திகதியையும் தொகையையும் வைச்சு ஊகிக்கத்தான் முடியும். ஒரே நாளில 500 ரூபாப்படி ரெண்டு ஃபோன் ரீலோட் போட்டிருந்தால் அந்த இடத்தைக் கண்ணால பாத்தே ஆகோணும்.

சாவகச்சேரியூரான்:
அதோட தவணையையும் சேருங்கோ. ஃப்ரிட்ஜ் ஒண்டு 12 மாதத் தவணையில எடுத்தம். எங்கட ஸ்டேட்மென்டில முதல் முழு விலை வந்தது, பிறகு அதே தொகை 'சிஆர்' (வரவு) எண்டு திரும்பிப் போனது, அதுக்குப் பிறகு மாதாமாதம் ஒரு துண்டு. இதை அப்பிடியே இறக்கினால் கடன் குறைஞ்சமாதிரித் தெரியும். ஃப்ரிட்ஜ் வீட்டுக்கு வந்திட்டுது, முழுக் கடனும் எங்கட தலையிலதான் நிக்குது. கணக்கு அதைக் காட்டோணும்.

கொக்குவிலான்:
தவணை விசயம் சரி அண்ணை, அதைக் கையால போடலாம். அந்த ஒரு சாமானுக்காக மிச்ச வரி முழுக்க ரைப் பண்ணோணும் எண்டதை ஏற்கேலாது.

மானிப்பாய் அக்கா:
பிரிக்க வேண்டிய பில்லை அண்டைக்கே எழுதுங்கோ, மிச்சத்தை இறக்குங்கோ. இறக்கேக்க வாற பட்டியலில 'ஏ' பெட்டி எண்டால் புதுசாச் சேர்க்கும். 'சி' எண்டால் ஏற்கெனவே எழுதினதோட பொருத்தி, வங்கியில வந்திட்டுது எண்டு மட்டும் குறிக்கும். நீங்கள் பிரிச்சு வைச்சது குலையாது. மஞ்சளில நிக்கிற வரிக்குக் கணக்குக் காட்டாமல் விட்டால் 'இம்பாலன்ஸ்-எல்கேஆர்' எண்ட, எதில சேர்க்கிறதெண்டு தெரியாத ரூபா ஒதுங்கிற கணக்குக்குள்ள போய் விழும். திகதி நிரல் ரெண்டு இருந்தால் வாங்கின நாளைத் தெரிவுசெய்யுங்கோ, வங்கி பதிஞ்ச நாளை எடுத்தால் பொருத்தம் தவறலாம். பிடிஎஃப்பில இருந்து கொப்பி பண்ணுற ஆக்கள் 1,250.00 இல இருக்கிற காற்புள்ளியை எடுத்துப்போட்டுச் சேமியுங்கோ. இல்லாட்டி 1 ஒரு நிரலிலயும் 250.00 அடுத்த நிரலிலயும் போய் நிக்கும்.

சாவகச்சேரியூரான்:
'சி' பெட்டி நல்ல விசயம், பிள்ளை. ஆனால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில மரக்கறி, மீன் எல்லாம் நான் காசுக்குத்தான் வாங்கிறன், அதுக்கு எந்தக் கோப்பும் வராது. எப்பிடியும் இரவில குந்தி எழுதத்தான் போறன், அதோட அட்டைச் செலவையும் எழுதிறன். கோப்பு எனக்கு ஸ்டேட்மென்ட் மீதி சரியோ எண்டு ஒப்பிட மட்டும்.

கொக்குவிலான்:
நான் மற்றப் பக்கமா, கோப்பை இறக்கிப்போட்டு கார்கில்ஸ் பில்லுகளை மட்டும் பிரிக்கிறன். அக்கா, சிஎஸ்வியில சிஆர் வரியளுக்குக் கழித்தல் குறி வரேல்லை எண்டால் இறக்கிறதுக்கு முதலே மாத்திறனீங்களோ?