பிளக் துளையில் மண், ஜன்னலில் தொங்கும் கூடு, சன்ஷேடில் உருண்டை: எதைக் கலைக்கலாம், எதைத் தொடக்கூடாது?

மன்னார்குடி வாசகி:
வணக்கம். எங்கள் மாடி வீட்டில் குளவிகள் ஒரேயடியாகக் குடியேறிவிட்டன. கூடத்தில் இருக்கும் பிளக் துளைகளை ஒரு குளவி மண் கொண்டுவந்து அடைக்கிறது. சுரண்டி எடுத்தால் மறுநாளே மறுபடியும் பூசிவிடுகிறது. குளியலறை ஜன்னலுக்கு மேலே காம்பில் தொங்குவதுபோல் சிறிய கூடு ஒன்று இருக்கிறது. இவை போதாதென்று, பின்பக்கச் சன்ஷேடின் அடியில் பழுப்பு நிற உருண்டை ஒன்று நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே வருகிறது. அதன் கீழேதான் துணி காயப்போடும் கொடி.

வீட்டில் நடை பழகும் குழந்தையும், ஆஸ்துமா உள்ள மாமனாரும் இருக்கிறார்கள். குளவி கூடு கட்டினால் வீட்டுக்கு நல்லது, கலைக்கக்கூடாது என்கிறார் மாமியார். கணவரோ எல்லாவற்றையும் ஒட்டடைக் குச்சியால் அடித்துவிடலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பூச்சியியல் படித்தவன்:
அம்மா, முதலில் ஒட்டடைக் குச்சியை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். பறக்கும் பூச்சியைப் பார்த்து அடையாளம் காண்பது கடினம். கூட்டைப் பார்த்தால் சொல்லிவிடலாம். இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஜன்னல் கூட்டில் அறைகள் வெளியே தெரிகின்றனவா? சன்ஷேடு உருண்டை முழுவதும் மூடியிருக்கிறதா, பூச்சிகள் ஒரே ஓட்டை வழியாகப் போய் வருகின்றனவா? அருகில் போக வேண்டாம். கண்ணாடி ஜன்னலை மூடிக்கொண்டு உள்ளிருந்தே பாருங்கள்.

மன்னார்குடி வாசகி:
ஜன்னல் கூட்டில் அறுகோண அறைகள் திறந்தே தெரிகின்றன. துரு நிறத்தில் மெலிந்த பூச்சிகள், வயிற்றில் மெல்லிய மஞ்சள் கோடு. சன்ஷேடு உருண்டையில் அறை எதுவும் தெரியவில்லை. மேலே அலை அலையாக வரிகள், பக்கவாட்டில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டையில் இரண்டு மூன்று பூச்சிகள் தலையை நீட்டியபடியே இருக்கின்றன. பெரியவை, கறுப்பு நிறம், வயிற்றின் முன்பகுதி மட்டும் ஆரஞ்சு கலந்த மஞ்சள்.

பூச்சியியல் படித்தவன்:
சந்தேகமே இல்லை, சன்ஷேடில் இருப்பது கதண்டு. சில ஊர்களில் கடந்தை என்பார்கள். தலையை நீட்டிக்கொண்டிருப்பவை காவல் நிற்பவை. ஒன்று கொட்டினால் அதன் நஞ்சிலிருந்து வரும் வாசனையே மற்றவற்றைச் சண்டைக்கு அழைத்துவிடும். கூட்டின் மீது அதிர்வு பட்டாலே போதும், கூட்டமாக வந்துவிடும். இன்றே அந்தப் பக்கக் கதவைச் சாத்துங்கள், துணியை வேறு இடத்தில் காயப்போடுங்கள், 101 என்ற எண்ணில் தீயணைப்பு நிலையத்தை அழையுங்கள்.

ஜன்னலில் இருப்பது காகிதக் குளவி. மர நாரை மென்று குழைத்துக் கட்டுவதால்தான் கூடு காகிதம்போல் இருக்கிறது. கையை நீட்டாதவரை அதுவாக வந்து கொட்டுவது அரிது. தோட்டத்துப் புழுக்களை வேட்டையாடித் தன் குஞ்சுகளுக்குக் கொடுக்கும் பூச்சி அது. மரத்தில் இருந்தால் விட்டுவிடச் சொல்வேன். நீங்கள் தினமும் திறக்கும் ஜன்னல் என்பதால், தீயணைப்பு வீரர்கள் வரும்போது அதையும் காட்டிவிடுங்கள்.

பிளக் துளையில் பூசுவது மண் குளவி. இதன் மேல் எனக்குத் தனிப் பிரியம். ஈர மண்ணைச் சிறு உருண்டையாக வாயில் கவ்விக்கொண்டு வரும். பூசும்போது ‘ர்ர்ர்’ என்று ஒலி எழுப்பும். அந்த அதிர்வில்தான் மண் இழைந்து படிகிறது. தனியாக வாழும் பூச்சி, காவலும் படையும் கிடையாது. பழைய மண் கூட்டை உடைத்துப் பார்த்தால் உள்ளே சிலந்திகள் அடுக்கி வைத்ததுபோல் இருக்கும். தொட்டால் கால் மெல்ல அசையும். செத்தவை அல்ல, கொட்டி மரக்கச் செய்யப்பட்டவை. அவற்றில் ஒன்றின் மேல் முட்டை இருக்கும். பொரிந்து வரும் புழு அந்தச் சிலந்திகளைத் தின்று வளர்ந்து, குளவியாகித் துளை போட்டுக்கொண்டு வெளியேறும். புழுவைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டியே குளவியாக்குகிறது என்று நம் முன்னோர் நம்பியது இதைப் பார்த்துத்தான். உங்கள் மாமியார் சொல்வது இந்தக் குளவிக்குப் பொருந்தும், கதண்டுக்குப் பொருந்தாது.

கீழவாசல்:
எங்கள் கிராமத்தில் இரவு நேரத்தில் மண்ணெண்ணெய்ப் பந்தம் கொளுத்திக் காட்டுவோம். நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இதற்குப் போய் எதற்குத் தீயணைப்பு வண்டி?

பூச்சியியல் படித்தவன்:
ஐயா, தயவுசெய்து இந்த யோசனையைச் சொல்லாதீர்கள். அது வீட்டுச் சுவர், பக்கத்திலேயே மின்கம்பி போகிறது. எரிந்த கூட்டிலிருந்து தப்பியவை வெளிச்சத்தை நோக்கித்தான் பாயும். ஏணியில் நிற்பவர் கொட்டு வாங்கிக் கீழே விழுந்தால், விழுந்த அடியே பெரிதாகிவிடும். உடல் முழுவதையும் மூடும் உடை இல்லாமல் யாரும் அதன் கிட்டே போகக்கூடாது.

இரவுப் பணிச் செவிலியர்:
ஒரு வார்த்தை சேர்க்கிறேன். தேனீ கொட்டினால் கொடுக்கை விட்டுச் செல்லும், குளவி அப்படி விடாது, அதனால் ஒன்றே பல முறை கொட்டும். ஓரிரு கொட்டு என்றால் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். விரலில் கொட்டினால் வீங்கும் முன்பே மோதிரத்தைக் கழற்றுங்கள். உதடு அல்லது முகம் வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, மயக்கம் வந்தாலோ உடனே 108. சுண்ணாம்பு தடவிவிட்டுக் காத்திருந்து நேரத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

கதண்டு பல இடங்களில் கொட்டியிருந்தால், வலி தணிந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். நஞ்சு தசையைச் சிதைத்துச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போவது அதற்கான எச்சரிக்கை. குழந்தைக்குக் குறைவான கொட்டே ஆபத்து. மாமனாருக்கு ஆஸ்துமா என்பதால் அவருக்கு ஒரே கொட்டு என்றாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மன்னார்குடி வாசகி:
அனைவருக்கும் நன்றி. தீயணைப்பு வீரர்கள் நன்றாக இருட்டிய பிறகுதான் வந்தார்கள். எல்லாம் கூட்டுக்குள் அடங்கிய பின்பே தொடுவோம் என்றார்கள். கவச உடை அணிந்த ஒருவர் ஏணியில் ஏறி மருந்தடித்து, உருண்டையைச் சாக்குக்குள் இறக்கிக் கட்டிக்கொண்டு போனார். ஜன்னல் கூட்டையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் காலையில் அதே சன்ஷேடில் நாலைந்து கதண்டுகள் சுற்றுகின்றன. மறுபடியும் கட்டிவிடுமா? பிளக்கை என்ன செய்வது?

பூச்சியியல் படித்தவன்:
அவை இரவில் வெளியே தங்கிவிட்டவை. ராணி இல்லாததால் சில நாட்களில் கலைந்துவிடும், அதுவரை கதவு மூடியே இருக்கட்டும். பிறகு சன்ஷேடின் அடியை வாரம் ஒரு முறை அண்ணாந்து பாருங்கள். புதிதாக வரும் ராணி பெரும்பாலும் தனியாகத்தான் கூட்டைத் தொடங்கும். எலுமிச்சை அளவில் இருக்கும்போதே கண்ணில் பட்டால் அகற்றுவது எளிது, அப்போதும் 101-ஐயே அழையுங்கள். அழுகிய பழம், மீன் கழுவிய கழிவு இரண்டும் கதண்டை இழுக்கும். குப்பைத் தொட்டிக்கு மூடி போடுங்கள்.

பிளக் விஷயத்தில் கம்பி, ஊசி எதையும் உள்ளே விடாதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனை வைத்து முகப்பைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். குழந்தைகள் விரல் விடாமலிருக்க விற்கும் பிளாஸ்டிக் மூடியை, பயன்படுத்தாத துளைகளில் செருகினால் குளவிக்கும் வழி அடைபடும். ஏசியின் தண்ணீர்க் குழாய் முனையில் கொசுவலைத் துண்டைக் கட்டுங்கள், அடுத்து அது தேடும் இடம் அதுதான். பரணிலோ மதில் சுவரிலோ கட்டினால் மட்டும் விட்டுவிடுங்கள் அம்மா. வீட்டுச் சிலந்திகளை அது பார்த்துக்கொள்ளும்.