மே வெயிலில் சூரிய மின்தகடு ஏன் சோர்கிறது?

கேள்வி (காட்பாடி): வெயில் 41 டிகிரியைத் தாண்டும் மே நண்பகலைவிட, பிப்ரவரியின் தெளிந்த நண்பகலில் எங்கள் இன்வெர்ட்டர் கூடுதல் வாட் காட்டுகிறது. புவி மேலும் சூடானால் என்னவாகும்?

மறுமொழி 1: தகடு மின்சாரமாக்குவது ஒளியை, வெப்பத்தை அன்று. சிலிக்கான் தகட்டின் திறன் 25 டிகிரியில் அளக்கப்படுகிறது; தகடு அதற்கு மேல் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் அது ஏறத்தாழ 0.3 முதல் 0.4 விழுக்காடு குறையும். தகடே 65 டிகிரியைத் தொட்டால் 12 முதல் 16 விழுக்காடு போய்விடும். காற்று இன்னும் 2 டிகிரி சூடானாலும் கூடுதல் இழப்பு 1 விழுக்காட்டுக்குள்தான்.

மறுமொழி 2 (சத்துவாச்சாரி): மேகமும் புழுதியும் மாறினால்தான் எனக்குக் கவலை. சென்ற வாரம் தகட்டைத் துடைத்த ஈரத்துணி செம்மண் நிறமாகிவிட்டது. விடியற்காலையில் கழுவுங்கள், கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடக்கூடும்.

கேட்டவர்: எங்கள் தகடுகள் தளத்திலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில்தான் உள்ளன; அடியில் காற்றோட்டத்துக்கு உயர்த்தச் சொல்லியிருக்கிறேன்.