சிக்கு வாங்கப் போனேன், பாதி மட்டும் தர மாட்டேன் என்றார்

போன ஆகஸ்டில் பொலிவியாவின் லா பாஸ் நகரத்துக்குப் போயிருந்தேன். 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. சகார்நாகா தெருவிலும் லினாரெஸ் தெருவிலும் கடைக்குக் கடை வாத்தியங்கள் தொங்கும். அப்படி ஒரு கடையின் பின்கட்டில்தான் அந்தப் பெரியவரின் பட்டறை. அவருக்குச் சொந்த ஊர் வாலாட்டா கிராண்டே. அச்சாகாச்சி என்ற ஊருக்குப் பக்கத்தில், ஐமாரா என்ற பழங்குடி மக்களின் கிராமம், ஊதுகருவி செய்வதற்கே பேர் போனது. எல்லாரும் அவரை 'மாஎஸ்த்ரோ' (ஆசான்) என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

எனக்கு வேண்டியது சிக்கு என்ற ஊதுகருவி. ஸ்பானிய மொழியில் சாம்போஞா என்பார்கள். நீளம் குறைந்துகொண்டே வரும் நாணல் குழல்களை வரிசையாகக் கட்டியது. ஏழு குழல் வரிசை ஒன்றைக் காட்டி, "இது மட்டும் போதும், பெட்டியில் இடமில்லை" என்றேன். முடியாது என்று தலையாட்டினார். விலைக்காக இல்லை. ஆறு குழல் வரிசை ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, ஏழு குழல் வரிசையை அவர் வைத்துக்கொண்டார். ஆறு குழல் 'இரா', முன்னே போவது. ஏழு குழல் 'ஆர்கா', பின்னாலேயே வருவது. ஒரு ஸ்வரம் அவரிடம் இருந்தால் அடுத்தது என்னிடம். பாட்டு முழுசாக வர ஆள் இரண்டு வேண்டும். நகரத்துக் கலைஞர்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் தனியாகவே வாசிக்கிறார்கள். அவருக்கு அதில் மனசில்லை. எந்தக் குழல் என்று விரலால் காட்டிக் காட்டி ஊத வைத்தார். இரண்டே நிமிடத்தில் எனக்குத் தலை சுற்றியது. "நான் ஊதும்போது நீ மூச்சு எடு" என்றார். அதற்கப்புறம் சுற்றவில்லை.

அவர் வேலை செய்வதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். நாணல் யுங்காஸ் பகுதியின் வெப்பமான சரிவுகளிலிருந்து வருகிறது. கணுவை ஒட்டிக் கீழே அறுக்கிறார். அந்தக் கணுதான் குழலின் அடைத்த அடிப்பக்கம். நீளம் பார்க்க டேப் கிடையாது, கோடு கீறிய ஒரு குச்சி. ஒவ்வொரு அளவு சிக்குவுக்கும் ஒரு குச்சி, எல்லாம் அவர் அப்பா கொடுத்தது. குறியைவிட நூலளவு கூட விட்டு அறுப்பார், ஊதிப் பார்ப்பார், சீவுவார், மறுபடி ஊதுவார். சீவச் சீவச் சுருதி ஏறும். ஒரு இழுப்பு கூடிவிட்டால் அந்தக் குழலைச் சின்ன அளவுக்கு ஒதுக்கிவிட வேண்டியதுதான். சின்னதிலிருந்து பெரியது வரை சூளி, மால்தா, சங்கா, தோயோ என்று அளவுகள். சங்கா மால்தாவைப் போல இருமடங்கு நீளம், ஒரு ஸ்தாயி கீழே பேசும். தோயோவின் நீளக் குழல் ஒரு மீட்டரைத் தாண்டும். கடைசியில் நாணலைப் பிளந்த சிம்பைக் குறுக்கே வைத்து நூலால் இறுக்குகிறார். பல்லால் கடித்து முடிச்சை இழுத்த அந்தக் கை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

மூலையில் தார்கா சில கிடந்தன, சதுரமாகச் செதுக்கிய மரக்குழல். ஒன்றை எடுக்கப் போனேன். இது மழைக்காலத்துக்கு உள்ளது, கார்னிவல் திருவிழா வரைக்கும் ஊதுவோம், இப்போது வேண்டாம் என்றார்.

மறுமொழி:
அக்கா, நான் பார்த்தது சாரங்கோ என்ற சின்னத் தந்தி வாத்தியம் செய்பவரை, கோச்சபம்பா மாநிலத்து ஐகிலேயில். உடம்பும் கழுத்தும் ஒரே கட்டையில் குடைந்தது. இரட்டை இரட்டையாக ஐந்து ஜோடி, மொத்தம் பத்துத் தந்தி. முன்னெல்லாம் ஆர்மடில்லோ என்ற விலங்கின் ஓட்டில் செய்வார்களாம். தாத்தா செய்த ஒன்றைக் காட்டினார், இனி அப்படிச் செய்ய மாட்டேன், மரமே போதும் என்றார். ஆனால் நான் சாம்போஞாவை ஒரு நினைவுப்பொருள் கடையில் வாங்கி ஏமாந்தேன். வண்ண நூல் அழகாக இருக்கிறது, மூன்று குழலில் சத்தமே வரவில்லை. எப்படிப் பார்த்து வாங்குவது?

மறுமொழி:
தம்பி, கடையிலேயே ஒவ்வொரு குழலாக ஊதிப் பார். சத்தம் காற்றாக வந்தால் அடிக்கணுவில் விரிசல் இருக்கும். அப்புறம் ஜோடியாகக் கேட்டு, கடைக்காரரை ஒரு பாதி ஊதச் சொல். உன்னோடு சேர்ந்து ஊதத் தெரிந்தவரிடம் வாங்கு. என் ஆர்கா இப்போது தங்கச்சியிடம் இருக்கிறது. ஞாயிறு சாயங்காலம் அவள் வந்தால்தான் என் இராவை உறையிலிருந்து எடுப்பேன்.