எங்கள் ஊர்க் கோயிலை விக்கிப்பீடியாவில் ஏற்றலாமா?

பெகு நெல்லுக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். பர்மாவில் பெகு பக்கம் எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலைப் பற்றி இரண்டு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வைத்திருக்கிறேன். தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரையாகப் போட ஆசை. சுருக்கம் இதுதான்: ரயில் பாதை போட வந்த நம் ஆட்கள் வேப்பமரத்தடியில் ஒரு கல்லை நட்டுக் கும்பிட்டார்கள். பிறகு கொட்டகை ஆனது, பிறகு கட்டிடம். கோயில் மணியில் 'பிரஜோற்பத்தி வருஷம் தை மாதம்' என்று பொறித்திருக்கிறது. அது 1872 தை. ஆக, கோயிலுக்கு 150 வயதுக்கு மேல்.

சொன்னது என் தாத்தாவும் பழைய பூசாரியும். பூசாரி போய்ச் சேர்ந்துவிட்டார். வெத்தலைக்கொடி அக்காவிடம் கேட்டால், 'மேற்கோள் இருக்கா தம்பி?' என்கிறார். யாரும் எழுதலாம் என்றுதானே பெயர்? அப்புறம் என்ன மேற்கோள்?

வெத்தலைக்கொடி:
தம்பி, யாரும் எழுதலாம். எதையும் எழுதலாம் என்று யாரும் சொல்லவில்லை. 2005இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சைகன்தாலரைப் பற்றிய கட்டுரையில், கென்னடி கொலையில் அவர் மேல் சந்தேகம் இருந்ததாக யாரோ விளையாட்டுக்கு எழுதிவைத்தார்கள். நாலு மாதத்துக்கு மேல் அது அப்படியே கிடந்தது. அந்த மாதிரி சூடு பட்டுத்தான் சான்று விஷயத்தில் கெடுபிடி கூடியது.

நடுநிலை, மெய்யறிதன்மை (எழுதியதைப் படிப்பவர் சரிபார்க்க முடிய வேண்டும்), சொந்த ஆராய்ச்சி கூடாது. இந்த மூன்றும்தான் அங்கே தாய்க்கட்டளை. திண்ணையில் நீங்கள் கதை சொன்னால் கேட்பவருக்கு உங்கள் தாத்தாவைத் தெரியும், அவர் எதை மிகைப்படுத்துவார் என்பதும் தெரியும். யாழ்ப்பாணத்தில் இருந்து படிக்கும் பிள்ளைக்கு என்ன தெரியும்? அவள் போய்ப் பார்க்க ஒரு புத்தகமோ பத்திரிகையோ வேண்டும்.

பெகு நெல்லுக்காரன்:
அக்கா, அந்தப் புத்தகத்தை யார் எழுதுவது? செட்டியார்கள் வட்டிக்குக் கொடுத்த கணக்கு 1929–30 மாகாண வங்கி விசாரணைக் குழு அறிக்கையில் இருக்கிறது. அவர்களைப் பற்றி எழுதினால் மேற்கோளுக்குப் பஞ்சமில்லை. சேற்றில் இறங்கி நாற்று நட்டவனைப் பற்றி எந்த அறிக்கையில் தேடுவது? காசு வைத்திருந்தவனுக்கு வரலாறு, கூலிக்காரனுக்கு வதந்தி. உங்கள் மெய்யறிதன்மை கடைசியில் அங்கேதான் போய் நிற்கிறது.

மோல்மேன் தாத்தா:
பிள்ளை சொல்வதில் நியாயம் இருக்கிறது, அம்மா. 1960களின் நடுவில் தனியார் பள்ளிகளை எல்லாம் அரசு எடுத்துக்கொண்டது. எங்கள் பள்ளி கைமாறிய வாரம் தமிழ்ப் புத்தகங்களைச் சாக்கில் கட்டி, கோயில் மடப்பள்ளிப் பரணில் போட்டோம். நானும் தூக்கினேன், அப்போது எனக்குப் பதினோரு வயது. பல வருடம் கழித்து ஏறிப் பார்த்தால் கரையான் தின்றது போக அட்டைகள்தான் மிச்சம். ஒரு அட்டைக்குள் யாரோ செருகிய கல்யாணப் பத்திரிகை மட்டும் முழுசாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் 1964இலேயே கப்பல் ஏறிவிட்டார்கள். பத்திரிகை என்றால் அந்தப் பத்திரிகைதான் எங்களிடம் உண்டு. அதை மேற்கோள் என்று காட்டட்டுமா?

கணக்குப்பிள்ளை:
உருக்கமாகப் பேசுகிறீர்கள். யாராவது மணியைக் கவனித்தீர்களா?

தமிழ் வருடம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும். பிரஜோற்பத்தி 1871–72இலும் வந்தது, 1931–32இலும் வந்தது. மணியில் ஆங்கில வருடம் இல்லை. நெல்லுக்காரர் பழையதைப் பிடித்துக்கொண்டார். சரி, அவர் கதையையே எடுத்துக்கொள்வோம். ரயில் பாதை போட வந்தவர்கள் கட்டிய கோயில். பர்மாவின் முதல் ரயில் ரங்கூனிலிருந்து பிரோமுக்கு ஓடியது 1877இல். பெகு வழியாகத் தவுங்கூ போகும் பாதை 1880களில்தான் வந்தது. ரயிலே இல்லாத ஊரில் ரயில் கூலிகள் மணி கட்டினார்களா? அது 1932 தை. ஐயமே இல்லை.

இதற்குத்தான் மேற்கோள் கேட்கிறார்கள்.

பெகு நெல்லுக்காரன்:
அறுபது வருடச் சுழற்சி எனக்குத் தோன்றவே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'ஐயமே இல்லை' என்கிறீர்களே, 1932 தை எப்படிப்பட்ட காலம்? நெல் விலை பாதாளத்தில் கிடந்தது. கடனுக்கு வயலை எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கஞ்சிக்கே வழியில்லாத ஊரில் வெண்கல மணி வார்க்க யாரிடம் காசு இருந்தது?

கணக்குப்பிள்ளை:
விளைச்சல் நன்றாக இருக்கும்போது எவன் அம்மனுக்கு நேர்ந்துகொள்கிறான்?

மோல்மேன் தாத்தா:
இது அடி!

வெத்தலைக்கொடி:
இரண்டு பேருக்கும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த வாதம் அருமையாக இருக்கிறது, ஆனால் இதில் ஒரு வரிகூட விக்கிப்பீடியாவில் ஏறாது. ரயில் வந்த வருடத்தையும் மணியில் உள்ள வருடத்தையும் சேர்த்துவைத்து, 'ஆகவே 1932' என்று நீங்கள் முடிவு கட்டினால் அதுவே சொந்த ஆராய்ச்சி. கணக்குப்பிள்ளை சொல்வது சரியாகவே இருக்கலாம். வேறு எங்காவது அச்சில் வந்த பிறகுதான் அங்கே எடுத்துச் சொல்லலாம்.

கணக்குப்பிள்ளை:
சரியாக இருந்தாலும் கூடாதா? அப்படியானால் தவறான 1872ஐ ஒரு கும்பாபிஷேக மலரில் அச்சடித்துவிட்டால் அது ஏறுமா? நான் உங்கள் பக்கம் பேச வந்தவன் அம்மா, என்னையும் எதிர்ப்பக்கம் தள்ளுகிறீர்கள்.

வெத்தலைக்கொடி:
மலர் விஷயம் சிக்கல்தான். கோயில் நிர்வாகம் தன்னைப் பற்றித் தானே போடும் புத்தகம் அது. கும்பாபிஷேகம் நடந்த தேதி, திருப்பணிக் குழு போன்றவற்றுக்கு எடுத்துக்கொள்ளலாம். '150 ஆண்டுப் பழமை' என்று மலர் சொன்னால், 'கோயில் மலர் இவ்வாறு கூறுகிறது' என்றுதான் எழுத முடியும். இந்தக் கோயிலுக்குத் தனிக் கட்டுரை தகுமா என்பதற்கு மலர் சாட்சியாகாது. நம் கல்யாணத்துக்கு நாமே வாழ்த்துமடல் அடித்த மாதிரி.

அத்தோ பிரியன்:
அண்ணே, அக்கா, இவ்வளவு சண்டை போட்டு யார் படிக்க? 2021 பிப்ரவரியில் இங்கே எல்லா மொழி விக்கிப்பீடியாவையும் முடக்கினார்கள், ஞாபகம் இருக்கிறதா? விபிஎன் (நம் இணைய முகவரியை மறைக்கும் செயலி) போட்டால் படிக்கலாம். எழுதப் போனால் விக்கிப்பீடியா அந்த விபிஎன் முகவரிகளையே தடுத்து வைத்திருக்கும், விஷமிகள் தொல்லையால். தனி விலக்கு கேட்டு வாங்கணும். இந்தப் பக்கமும் பூட்டு, அந்தப் பக்கமும் பூட்டு. அந்த நேரம் நான், இணையம் இல்லாமலே படிக்க உதவும் கிவிக்ஸ் செயலியில் தமிழ் விக்கிப்பீடியா மொத்தத்தையும் மெமரி கார்டில் ஏற்றி வைத்துப் படித்தேன். அதில் சோழர் வரலாறு இருக்கிறது, எங்கள் தெரு இல்லை. ஃபேஸ்புக்கில் போடுங்கள் அண்ணே, சாயங்காலமே முந்நூறு லைக் வரும்.

பெகு நெல்லுக்காரன்:
லைக் வரும் தம்பி, அடுத்த வாரம் தேடினால் கிடைக்காது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. இன்றைக்கு ஒன்றரை லட்சம் கட்டுரைக்கு மேல் இருக்கிறது. அதில் நம் ஊர் ஒன்று இருக்கட்டும் என்று நினைப்பது தப்பா?

அப்புறம் அக்கா, வாய்மொழிக்கு இடமே இல்லை என்று நீங்கள் முடிக்க முடியாது. 2011இல் அச்சல் பிரபலா என்பவர், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் உதவியோடு இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இதையே செய்து பார்த்தார். ஊர் மக்களிடம் ஒலிப்பதிவு செய்து, அந்தப் பதிவையே சான்றாகக் காட்டி மலையாளத்திலும் இந்தியிலும் தென்னாப்பிரிக்க மொழியான வடக்கு சோத்தோவிலும் எழுதினார்கள். மலையாளத்தில் செய்ததை நாம் செய்யக் கூடாதா?

வெத்தலைக்கொடி:
அது நடந்தது உண்மை. ஆனால் அது சோதனை முயற்சி. பொது விதியாக அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த எதிர்ப்பில் வெறும் பிடிவாதம் என்று சொல்ல முடியாததும் இருந்தது. உங்கள் தாத்தா 1872 என்பார், பக்கத்து ஊர்த் தாத்தா எங்கள் கோயில்தான் முதல் என்பார். இரண்டு ஒலிப்பதிவில் எதை நம்புவது? சாதிப் பெருமைக்காரர்கள் வந்து வரிசை கட்டினால்? கட்டுரைகளைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கங்களில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆனால் ஒன்று செய்யலாம். மணியை எழுத்து தெரியும்படி படம் எடுத்து, விக்கிமீடியாவின் படக் கிடங்கான பொதுவகத்தில் ஏற்றுங்கள். நீங்கள் எடுத்த படம், உரிமப் பிரச்சினை இல்லை. தாத்தா பேச்சையும் பதிவு செய்து வையுங்கள். பர்மா தமிழர் பற்றிய பொதுக் கட்டுரையில் இந்தப் படத்தைச் சேர்க்கலாமா என்று, தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் நான் கேட்கிறேன். 'பிரஜோற்பத்தி என்று பொறித்த கோயில் மணி, பெகு வட்டாரம்' என்று படத்தடியில் ஒரு வரி. ஆங்கில வருடம் போட வேண்டாம்.

பெகு நெல்லுக்காரன்:
இரண்டு நோட்டுப் புத்தகத்துக்கு ஒரு வரியா? நல்ல கூலி அக்கா.

மோல்மேன் தாத்தா:
ஒரு வரி என்று அலட்சியமாகச் சொல்லாதே. என் பள்ளிக்கூடத்துக்கு அதுவும் இல்லை. நோட்டை எறியாதே, என் பேரன் ரங்கூன் வரும்போது நகல் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். மணியில் உபயதாரர் பெயர் இல்லையா?

பெகு நெல்லுக்காரன்:
இருக்கிறது தாத்தா, ஆனால் படிக்க முடியவில்லை. வருடா வருடம் திருவிழாவுக்கு மணிக்கும் சேர்த்து தங்கக் கலர் பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். 'உபயம்' என்பதும் அடுத்து ஒரு 'மு'வும் தெரிகிறது. இளைய பூசாரியிடம் கேட்டேன், செவ்வாய்க்கிழமை பூசை முடிந்ததும் இறக்கித் தருகிறேன் என்றார்.

கணக்குப்பிள்ளை:
மண்ணெண்ணெய்த் துணியால் மெதுவாகத் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், எழுத்தும் போய்விடும். உள்பக்கமும் டார்ச் அடித்துப் பாருங்கள், வார்த்தவர்கள் சில சமயம் அங்கே தங்கள் ஊர்ப் பெயரைப் போடுவார்கள். 1872 என்று இருந்தால் நான் இங்கேயே மன்னிப்புக் கேட்கிறேன்.