உச்ச வரிசை கிராபிக்ஸ் கார்டுகளின் விலை: போட்டி இல்லாததுதான் காரணமா?

பிக்சல்பித்தன் (கேள்வி)

2017 மார்ச்சில் 699 டாலர் அறிமுக விலையில் வெளிவந்த என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கார்டைத்தான் இன்றுவரை பயன்படுத்தி வருகிறேன். விளையாடுவதைவிட பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் செய்வதே (காட்சியைக் கணித்துப் படமாக்குவதே) எனக்கு முதன்மையான வேலை. காட்சியில் மரங்களைக் கூட்டிக்கொண்டே போனால் 11 ஜிபி நினைவகம் நிரம்பி, நினைவகம் போதவில்லை என்ற சிவப்பு எழுத்தோடு ரெண்டர் நின்றுவிடுகிறது. அடுத்த தலைமுறையில் விலை இறங்கும் என்று ஒவ்வொரு முறையும் காத்திருந்தேன். 2080 டிஐ 999, 3090 1,499, 4090 1,599, 5090 1,999 டாலர் என்று ஏறியதைத்தான் கண்டேன். போட்டி நிறுவனமான ஏஎம்டி உச்ச வரிசையிலிருந்து ஒதுங்கிக்கொண்டதுதான் இதற்குக் காரணமா, அல்லது தயாரிப்புச் செலவே அவ்வளவு கூடிவிட்டதா? இன்னும் காத்திருப்பதில் பயன் உண்டா?

சிலிக்கன்தாசன்

போட்டி நிச்சயமாக ஒரு காரணம். ஆனால் போட்டியாளர் எந்தப் படிவரை ஏறி வருகிறாரோ அந்தப் படிவரைதான் விலை இறங்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். 2008 ஜூனில் என்விடியா ஜிடிஎக்ஸ் 280-ஐ 649 டாலருக்கும் 260-ஐ 399 டாலருக்கும் அறிமுகப்படுத்தியது. அதே மாதத்தில் ஏஎம்டியின் ரேடியான் எச்டி 4870 வெறும் 299 டாலருக்கு வந்து 260-க்கு ஈடுகொடுத்ததால், சில வாரங்களுக்குள்ளேயே 280-இன் விலை 499-க்கும் 260-இன் விலை 299-க்கும் இறங்கின. 2013-இலும் இதே கதைதான்: ஏஎம்டியின் ஆர்9 290எக்ஸ் 549 டாலருக்கு வந்ததும் ஜிடிஎக்ஸ் 780 649-இலிருந்து 499-க்கு வந்தது. ஆனால் அடுத்த சில நாட்களிலேயே என்விடியா 780 டிஐ-யை 699 டாலருக்கு இறக்கி, எதிராளி எட்டாத இடத்தைத் தனக்கென்று வைத்துக்கொண்டது.

பிறகு ஏஎம்டியும் விலையை உடைப்பதை விட்டுவிட்டு, என்விடியாவுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்துகொள்வதைப் பழக்கமாக்கிக்கொண்டது. 2022 டிசம்பரில் 7900 எக்ஸ்டிஎக்ஸ் 999 டாலருக்கு வந்தது. அதற்கு முந்தைய மாதம் 1,199 டாலருக்கு வந்திருந்த 4080-இன் இடத்துக்கு 999 டாலரில் 4080 சூப்பர் வர 2024 ஜனவரி ஆகிவிட்டது. 4090-க்கோ எதிரில் நிற்க எந்தக் கார்டும் இல்லை.

செலவு என்ற வாதத்தை நான் பாதிதான் ஏற்பேன். 699 டாலர் 3080-இல் இருந்தது 628 சதுர மில்லிமீட்டர் சில்லு. 1,199 டாலர் 4080-இல் இருப்பது 379 சதுர மில்லிமீட்டர் சில்லு. சாம்சங்கின் 8 நானோமீட்டர் தயாரிப்பு முறையை விட்டு, தைவானின் சில்லுத் தயாரிப்பாளரான டிஎஸ்எம்சிக்கு மாறியதால் ஒவ்வொரு வேஃபரின் (சில்லுகளை வெட்டியெடுக்கும் சிலிக்கன் தகட்டின்) விலையும் கூடியது உண்மைதான். ஆனால் சில்லின் பரப்பு ஏறத்தாழ நாற்பது விழுக்காடு சுருங்கியிருக்கும்போது, விலையேற்றம் முழுவதையும் வேஃபரின் தலையில் கட்டிவிட முடியாது.

நிழல்வரி

மேலே சொன்னதில் ஒன்று விடுபட்டிருக்கிறது. 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் மொத்த வருவாய் 130.5 பில்லியன் டாலர். அதில் கேமிங் பிரிவின் பங்கு சுமார் 11.4 பில்லியன், அதாவது ஒன்பது விழுக்காட்டுக்கும் குறைவு. டிஎஸ்எம்சியிடம் வாங்கும் உற்பத்தித் திறனைத் தரவு மையச் சில்லுகளுக்குத் திருப்பினால் பல மடங்கு லாபம் கிடைக்கும்போது, 5090-இன் விலையைக் குறைத்து அதிகம் விற்க வேண்டிய தேவை அந்நிறுவனத்துக்கு இல்லை. நாம் ஏஎம்டியோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். உண்மையில் நமக்குப் போட்டி அந்தத் தரவு மையங்கள்தாம்.

கம்பிச்சட்டம்

கேட்டவர் பிளெண்டர் பயனாளர் என்பதை மறந்துவிட வேண்டாம். 2025 மார்ச்சில் 599 டாலருக்கு வந்த ஏஎம்டியின் 9070 எக்ஸ்டி விளையாட்டுக்கு அருமையான கார்டு; ஆனால் ரெண்டரில் ஆப்டிக்ஸ் (ரெண்டரை வேகப்படுத்தும் என்விடியாவின் மென்பொருள்) இருக்கும் என்விடியா கார்டுகளின் கை இன்னும் ஓங்கியே இருக்கிறது. இங்கே போட்டியைத் தடுப்பது மென்பொருள். புதியதற்குக் காத்திருப்பதைவிட 24 ஜிபி நினைவகம் கொண்ட பழைய 3090 ஒன்றைத் தேடுங்கள் என்பேன்.

பிக்சல்பித்தன்

மூவருக்கும் நன்றி. 4080 கதையைப் படித்த பிறகு காத்திருக்கும் எண்ணம் போய்விட்டது. 3090 வாங்குவதானால் எதைச் சோதிக்க வேண்டும்? என்னிடம் இருப்பது 650 வாட் பவர் சப்ளை.

கம்பிச்சட்டம்

முதலில் பவர் சப்ளையை மாற்றுங்கள். கார்டு மட்டுமே 350 வாட் இழுக்கும், என்விடியா பரிந்துரைப்பது 750 வாட். அடுத்து, 3090-இல் பாதி நினைவகச் சில்லுகள் போர்டின் பின்பக்கம் இருப்பதால் அங்கே சூடு அதிகம். விற்பவர் முன்னிலையிலேயே அரை மணி நேரம் ரெண்டர் ஓடவிட்டு, நினைவக வெப்பநிலையைப் பாருங்கள். 100 டிகிரியைத் தாண்டினால் தெர்மல் பேடுகளை (சில்லின் சூட்டைக் கடத்தும் மென்பட்டைகளை) மாற்ற வேண்டியிருக்கும். அதை விலையில் கழித்துக் கேளுங்கள்.