புதுப்பிப்பு: ப்ளூடூத் ஸ்பீக்கரில் பாட்டு அறுந்து அறுந்து வந்தது, இப்போது சரி

போனிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் பாட்டு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அறுபடுகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

இணைப்பை அழித்துவிட்டு மறுபடி இணைத்தேன், பலனில்லை. பேட்டரி சேவரை அணைத்தும் அதே கதை. போனை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றச் சொன்னாரே ஒருவர், அதுதான் வேலை செய்தது. ப்ளூடூத்தும் பழைய வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் முட்டிக்கொள்கின்றன. முக்கால்வாசி சரியானது.

மீதிதான் நான் எதிர்பார்க்காதது. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், லேப்டாப்பில் செருகியிருந்த யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க்! அதுவும் 2.4 பக்கம் இரைச்சலைக் கிளப்புமாம். தூசி தட்டக் கழற்றியபோதுதான் பிடிபட்டது. திரும்பச் செருகினேன், அறுந்தது. லேப்டாப்போடு ஒரு மீட்டர் தள்ளி வைத்தேன்; அப்புறம் நாலு நாளாக ஒரு தடவைகூட அறுபடவில்லை.