கலைச்சொல் உதவி: டாலரை வாங்கிவிட்டு, வெளியே விட்ட பணத்தைத் திரும்ப எடுக்கும் வேலைக்கு என்ன பெயர்?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். இளங்கலைப் பொருளியல் பாடநூலில் 'பணக்கொள்கையும் மாற்று வீதமும் நாட்டின் வளர்ச்சியும்' என்ற அதிகாரம் என் தலையில் விழுந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை கோப்பு போயாக வேண்டும். பணவீக்கம், வட்டி வீதம், அந்நியச் செலாவணிக் கையிருப்பு எல்லாம் தடங்கலில்லாமல் ஓடுகின்றன. 'ஸ்டெரிலைஸ்டு இன்டர்வென்ஷன்' என்ற இடத்தில்தான் நின்றுவிட்டேன். மென்பொருள் 'கிருமி நீக்கப்பட்ட தலையீடு' என்கிறது. பழைய பதிப்பில் யாரோ 'மலட்டுத் தலையீடு' என்று போட்டிருக்கிறார்கள்.

பொருளியல் பக்கம் வராதவர்களுக்காக: நாட்டுக்குள் வெளிநாட்டு முதலீடு குவிகிறது. உள்நாட்டு நாணயத்தின் மதிப்பு ஏறுகிறது, ஏற்றுமதியாளர்கள் அலறுகிறார்கள். மத்திய வங்கி சந்தையில் இறங்கி டாலரை வாங்குகிறது. வாங்கிய டாலருக்கு உள்நாட்டுப் பணத்தைத்தானே கொடுக்க வேண்டும்? அந்தப் பணம் வங்கிகளில் புரண்டு வட்டியைத் தாழ்த்தும், விலைவாசியைக் கிளப்பும். அது வேண்டாமென்று, தன்னிடமுள்ள கடன் பத்திரங்களை விற்று அதே அளவு பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. இந்த இரண்டாவது வேலைக்குத்தான் சொல் தேவை. இதன் எதிர்மறையும், அதாவது விட்ட பணத்தைத் திரும்ப எடுக்காமல் விடுவதும், அதிகாரம் முழுக்க வருகிறது, அதையும் சேர்த்து யோசியுங்கள்.

பொருளியல் ஆசிரியை எழுதியது:

மலடு வேண்டவே வேண்டாம். வகுப்பில் சொல்ல எனக்கு வாய் வராது. சொன்னாலும் பின் வரிசையில் சிரிப்பு அடங்கக் கால் மணி ஆகும். நான் 'உறிஞ்சல்' என்றுதான் நடத்துகிறேன். பணத்தை விட்டார்கள், உறிஞ்சிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு உடனே பிடிபடுகிறது.

வங்கி அலுவலர் எழுதியது:

அம்மா, உறிஞ்சல் பாதிக் கதைதான். நாணயம் சரியும்போது மத்திய வங்கி டாலரை விற்கும். விற்றால் உள்நாட்டுப் பணம் அதனிடம் திரும்பி வந்து சந்தையில் பணம் வறண்டுபோகும், வட்டி ஏறும். அதைத் தடுக்க இந்த முறை பத்திரங்களை *வாங்கி*ப் பணத்தை உள்ளே விடுவார்கள். இதுவும் ஸ்டெரிலைசேஷன்தான். உறிஞ்சல் என்று பெயர் வைத்துவிட்டுப் பணத்தை ஊற்றிக்கொண்டிருந்தால் மாணவன் என்ன நினைப்பான்? தவிர, வங்கிகளின் உபரிப் பணத்தை அன்றாடம் எடுத்துக்கொள்வதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

இலங்கை உறுப்பினர் எழுதியது:

மேலே சொன்னதற்கு எங்கள் நாடே உதாரணம். 2021இன் பிற்பகுதியில் டொலர் ஒன்றுக்கு ஏறக்குறைய 200 ரூபாய் என்று வீதத்தைப் பிடித்து வைத்திருந்தார்கள். கையிருப்பிலிருந்து டொலரை விற்றார்கள். இன்னொரு கையால் திறைசேரி உண்டியல்களை (அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்களை) வாங்கிப் பணத்தை விட்டார்கள். வட்டி ஏறவில்லை, அதனால் இறக்குமதிக்கான கேள்வியும் (உங்கள் பக்கத்தில் தேவை) குறையவில்லை, கையிருப்பு மட்டும் கரைந்தது. 2022 மார்ச்சில் வீதத்தை விட்டுவிட வேண்டியதாயிற்று. செப்டம்பரில் பணவீக்கம் 70 விழுக்காட்டை ஒட்டிப் போனது, அந்த ஆண்டு பொருளாதாரமே சுருங்கிற்று. எனவே சொல் இரு பக்கத்துக்கும் பொருந்த வேண்டும்.

அது நிற்க, 'பணக்கொள்கை' என்று ஏன் எழுதுகிறீர்கள்? நாங்கள் 'நாணயக் கொள்கை' என்றே படித்தோம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

'நாணயக் கொள்கை' என்றால் இந்தப் பக்கத்தில் நேர்மையாக நடந்துகொள்ளும் கொள்கை என்று பொருள் கொள்வர். அந்த நாணயமும் நாணகம் என்னும் வடசொல் வழி வந்தது. பணம் இருக்கையில் அது எதற்கு?

இனிக் கேட்ட சொல்லுக்கு வருகிறேன். 'நொதுமல்' என்றொரு தூய தமிழ்ச் சொல் நம்மிடம் உண்டு. அகப்பாடல்களில் தலைவியை மணம் பேச வரும் அயலார் 'நொதுமலர்'. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்துக்கு உரை எழுதப் புகுந்த பரிமேலழகர் பகை, நொதுமல், நட்பு என்று மூன்றாகப் பகுக்கிறார். பகையுமில்லை, நட்புமில்லை, இரண்டுக்கும் நடுவே நிற்பது நொதுமல். டாலரை வாங்கிய செயல் பணச் சந்தைக்குப் பகையாகவும் ஆகாமல் நட்பாகவும் ஆகாமல் நிறுத்துவதுதானே இவ்வேலை? 'நொதுமலாக்கல்' என்க. எதிர்மறைக்கு 'நொதுமலாக்காத் தலையீடு'.

இலங்கை உறுப்பினர் எழுதியது:

நேர்மையாக நடந்துகொள்ளும் கொள்கையும் எங்கள் மத்திய வங்கிக்குத் தேவையாகத்தான் இருந்தது ஐயா. பெயரை மாற்ற வேண்டாம்.

பொருளியல் ஆசிரியை எழுதியது:

புலவர் ஐயா, வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். "நொதித்தலா மிஸ்?" என்று வேதியியல் எடுத்த பெண் கேட்டாள். இன்னொருத்தி எழுதிக் காட்டச் சொன்னாள். எழுதிக் காட்டிய பிறகும் வாசிக்கத் திணறினாள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

பணவீக்கம் என்பதையும் முதலில் கேட்டவர்கள் உடம்பு வீக்கம் என்றுதான் நினைத்திருப்பார்கள் அம்மா. இன்று பால்காரரும் சொல்கிறார். சொல்லைப் பழக்குவது ஆசிரியர் வேலை.

மென்பொருள் உறுப்பினர் எழுதியது:

சும்மா 'நடுநிலையாக்கல்' என்று போட்டால் என்ன? அமிலம், காரம் பாடத்தில் எல்லோரும் படித்த சொல்தானே.

வங்கி அலுவலர் எழுதியது:

நடுநிலைக்கு வேறு வேலை இருக்கிறது. வட்டியை ஏற்றும் பக்கமும் இறக்கும் பக்கமும் சாயாமல் மத்திய வங்கி நிற்பதை 'நடுநிலை நிலைப்பாடு' என்று செய்திகளில் எழுதுகிறார்கள். வளர்ச்சியைத் தூண்டாமலும் அமுக்காமலும் இருக்கும் வட்டி வீதத்துக்கும் அதே அடைமொழிதான். ஒரே அதிகாரத்தில் மூன்று நடுநிலை வந்தால் எது எது என்று யார் பிரிப்பது?

மென்பொருள் உறுப்பினர் எழுதியது:

சரி, வேறு ஒன்று: 'ஈடுசெய்த் தலையீடு'. ஒரு பக்கம் விட்டதை மறுபக்கம் ஈடு செய்துவிடுகிறார்கள். முடிந்தது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

தம்பி, அந்தத் 'த்' எங்கிருந்து வந்தது? ஈடுசெய்த, ஈடுசெய்கின்ற, ஈடுசெய்யும் தலையீடு என்று மூன்று காலமும் கரந்து நிற்பது வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. செய்தொழில், சுடுகாடு போல 'ஈடுசெய் தலையீடு' என்றே வரும். எதிர்மறையில் மட்டும் மிகும்: 'ஈடுசெய்யாத் தலையீடு'. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பணத்தைப் பற்றிப் பேசுவதால் 'செல்லாக் காசு' என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் மறக்காது.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? இடு என்னும் பகுதி நீண்டு ஈடு ஆகிறது. முதனிலை திரிந்த தொழிற்பெயர். கெடு கேடாவதும் படு பாடாவதும் போல. தலையீட்டிலும் அதே இடுதான், தலையை இடுவது. முதலீடும் அப்படியே, மதிப்பீடும் அப்படியே. உங்கள் அதிகாரம் முழுவதும் இடு என்ற ஒரே வினையால் கட்டப்பட்டிருக்கிறது! திருவாய்மொழிக்கு நம்பிள்ளை சொன்ன உரைக்கே 'ஈடு' என்றுதான் பெயர். அந்தப் பெயருக்கு ஏன் என்று மூன்று நான்கு விளக்கம் உண்டு. அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா, அந்த மடல் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வரட்டும்.

ஈடுசெய் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு நெருடல் மட்டும். மூலத்தில் தலையீடுதான் ஈடுசெய்யப்படுகிறது. 'ஈடுசெய் தலையீடு' என்றால் தலையீடே எதையோ ஈடுசெய்கிறது என்று படுகிறதே?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

குடிநீர் என்கிறோம். நீரா குடிக்கிறது?

பொருளியல் ஆசிரியை எழுதியது:

அந்த ஒரு வரி போதும், நான் ஈடுசெய் பக்கம்.

அதிகாரத்தில் இன்னொன்றையும் சரிசெய்யுங்கள். 'மதிப்பிறக்கம்' என்று இரண்டுக்கும் போட்டிருக்கிறீர்கள். அரசு அறிவித்து மதிப்பைக் குறைப்பது வேறு, சந்தையில் தானாகச் சரிவது வேறு. 1966 ஜூன் 6 அன்று டாலருக்கு 4.76 ரூபாயாக இருந்ததை 7.50 என்று இந்திய அரசு மாற்றியது. அது பிறவினை, 'மதிப்பிறக்கல்'. 1992 செப்டம்பர் 16 அன்று பிரிட்டனில் நடந்தது நேர்மாறு. ஸ்டெர்லிங் பவுண்டைக் காப்பாற்ற வட்டியை 10இலிருந்து 12 ஆக்கி, மறுநாள் முதல் 15 என்றும் அதே நாளில் அறிவித்தார்கள். ஒன்றும் பலிக்காமல் மாலையில், நாணய மதிப்புகளை ஒரு வரம்புக்குள் கட்டி வைத்த ஐரோப்பிய மாற்று வீத ஏற்பாட்டை விட்டே வெளியேறினார்கள். அப்புறம் சந்தை பார்த்துக்கொண்டது, 'மதிப்பிறங்கல்'. வட்டியை இறக்கவும் வழி பிறந்தது, அடுத்த ஆண்டே வளர்ச்சி திரும்பியது. இறக்கு, இறங்கு என்று தமிழில் கைக்குள் இருக்கும் வேறுபாட்டை ஏன் வீணாக்க வேண்டும்?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஏற்றுக்கொண்டேன். எதிர்ப்பக்கத்துக்கு மதிப்பேற்றல், மதிப்பேறல். மெய்ப்புப் பார்ப்பவர் 'க்' ஒன்றை 'ங்' ஆக்கினால் 1966 சந்தையின் கணக்கில் போய்விடும், அதுதான் பயம்.

இலங்கை உறுப்பினர் எழுதியது:

நாங்கள் பெறுமதி என்போம். மதிப்பு என்றால் மரியாதை. ஆனால் இதற்காக மல்லுக்கட்ட மாட்டேன்.

வங்கி அலுவலர் எழுதியது:

எல்லோரும் கை தூக்குவதற்கு முன் என் ஆட்சேபத்தைச் சொல்லிவிடுகிறேன். வங்கியில் ஈடு என்றால் பிணையாக வைக்கும் சொத்து. மத்திய வங்கியிடம் குறுகிய காலத்துக்குப் பணம் வாங்கும்போதும் கடன் பத்திரத்தை ஈடாகத்தான் வைக்கிறோம். நீங்கள் சொல்லும் வேலையும் அதே பத்திரங்களை வைத்தே நடக்கிறது. 'ஈடுசெய்' என்று படிக்கும் பயிற்சி அலுவலர் ஏதோ அடமானம் போலும் என்று நினைப்பார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

அப்படியானால் 'சமன்செய் தலையீடு' என்க. 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்' என்று நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவரே வினையாக ஆண்டிருக்கிறார். தராசில் ஒரு தட்டில் டாலர், மறு தட்டில் பத்திரம். இதைவிடப் பொருத்தமாக வேறென்ன வேண்டும்? நொதுமலாக்கலை நான் கைவிட்டதாகக் கொள்ள வேண்டாம், இது இரண்டாம் விருப்பம்.

பொருளியல் ஆசிரியை எழுதியது:

சமநிலை, செலுத்துச் சமநிலை, சமன்பாடு என்று பொருளியலில் ஏற்கெனவே சமன் நிரம்பி வழிகிறது ஐயா. அதிலும் 'சமன்செய்துவிட்டார்கள்' என்றால் மாற்று வீதத்தைச் சமன்செய்தார்கள் என்றே மாணவர் எழுதுவார்.

வங்கி அலுவலர் எழுதியது:

என் ஆட்சேபம் பிணையோடு முடியவில்லை. 'ஈடுசெய்' என்றால் விட்டது முழுக்கத் திரும்பிவிட்டது என்று தொனிக்கிறது. நடப்பில் அப்படி இல்லை. 2004இல் இந்தியாவில் சந்தை நிலைப்படுத்தும் திட்டம் என்று தனியாக ஒன்று கொண்டுவந்தார்கள். ஏன்? வந்து குவிந்த டாலரை வாங்கி வாங்கி, ரிசர்வ் வங்கியின் கையில் விற்பதற்கு இருந்த பத்திரம் தீர்ந்துகொண்டிருந்தது. இதற்கென்றே அரசு பத்திரம் வெளியிட்டது, வட்டியையும் அரசே சுமந்தது. டாலர் கையிருப்பில் கிடைப்பது குறைந்த வட்டி, பத்திரத்துக்குக் கொடுப்பது கூடுதல் வட்டி. இடைவெளி நட்டம். சீனா பத்திரத்தோடு நிற்காமல், வங்கிகள் கட்டாயமாக மத்திய வங்கியிடம் வைக்கும் இருப்பு விகிதத்தை ஏற்றிக்கொண்டே போனது. 2011 ஜூனில் பெரிய வங்கிகளுக்கு அது 21.5 விழுக்காடு. அந்தப் பணம் தொழிலுக்குக் கடனாகப் போகாது.

இன்னும் மோசம் என்னவென்றால், பத்திரத்தை விற்பதால் உள்நாட்டு வட்டி இறங்காமல் நிற்கிறது. வட்டி உயரமாக இருப்பதைப் பார்த்து மேலும் டாலர் வருகிறது. மறுபடி வாங்கு, மறுபடி விற்பனை செய். மாற்று வீதத்தைப் பிடித்து வைத்து, மூலதனத்துக்குக் கதவையும் திறந்து வைத்து, வட்டியையும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது என்று பொருளியலாளர்கள் மண்டெலும் பிளெமிங்கும் 1960களிலேயே காட்டிவிட்டார்கள். இந்த வேலை அந்த நெருக்கடியைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். அதற்குப் போய் 'ஈடுசெய்' என்று முழு மதிப்பெண் கொடுப்பானேன்?

மென்பொருள் உறுப்பினர் எழுதியது:

அண்ணா, அந்தக் கணக்கில் பார்த்தால் மூலச்சொல்லும் பொய்தானே? எந்தத் தலையீடும் முழுசாக ஸ்டெரிலைஸ் ஆனதில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். 'பகுதி ஈடுசெய்தல்' என்று எழுத வழி இருக்கிறது. பகுதி நொதுமலாக்கல் எப்படி?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நண்பர்களே, நேரம் முடிந்தது. எதிர்மறை எடுத்துக்காட்டாக சுவிட்சர்லாந்தைச் சேர்த்திருக்கிறேன்: 2011 செப்டம்பரிலிருந்து 2015 ஜனவரி வரை, ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்குக்குக் கீழே போக விடமாட்டோம் என்று பிராங்கை அச்சிட்டு யூரோவை வாங்கிக்கொண்டிருந்தார்கள். பணவீக்கம் பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்ததால் விட்ட பணத்தைத் திரும்ப எடுக்க அவர்களுக்கு அவசரமில்லை. 'ஈடுசெய்யாத் தலையீடு' அந்தப் பத்தியில் உறுத்தாமல் உட்கார்ந்துகொண்டது. 'ஈடுசெய் தலையீடு', 'ஈடுசெய்தல்', 'பகுதி ஈடுசெய்தல்' என்றே கோப்பை அனுப்புகிறேன். ஆதரவு மூன்று, எதிர்ப்பு ஒன்று, புலவர் ஐயாவை எந்தப் பக்கத்தில் எண்ணுவது என்று தெரியவில்லை.

வங்கி அலுவலர் எழுதியது:

எதிர்ப்பு எதிர்ப்பாகவே இருக்கட்டும். எங்கள் பயிற்சிக் குறிப்பில் நான் ஸ்டெரிலைசேஷன் என்றே தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

வினைத்தொகைக்கு ஆதரவு, சொல்லுக்கு எதிர்ப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள். நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவில் 'நொதுமலாக்கல்: ஈடுசெய்தல் காண்க' என்று ஒரு வரி போட முடியுமா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

கேட்டுப் பார்க்கிறேன் ஐயா. பக்கம் கூடாது என்று பதிப்பகத்தில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.